பாலம் ரோட்டிலிருந்து வந்தவர்

ஐந்தாவது முயற்சியில்தான் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. வயது ஐம்பத்திரண்டு. தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதமாகியும் மகள் அவள் காரில் ஏறவில்லை. மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்காக ஏறுவார், ஏறியதும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

அன்று காலை மாப்பிள்ளையோடு ஸ்டேஷன் ரோட்டிலிருந்து ரவுண்டானாவுக்குள் நுழைந்து பாதி வட்டம் சுற்றியிருந்தாள். இடப்பக்கம் மார்க்கெட் ரோட்டு முனையைத் தாண்டும்போது டமாரென்று ஓர் இடி. பின்கதவு உள்ளே நசுங்கிப் போனது.

இடித்த காரிலிருந்து ஒருவர் காலரைச் சரிசெய்துகொண்டே இறங்கினார்.

"முப்பது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது. பாலம் ரோட்டுலேர்ந்து வந்து ஓரமா என் பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருந்தேன். நீங்க உள்பக்கத்துலேர்ந்து திடீர்னு குறுக்க ஒடிச்சா நான் என்ன பண்றது?"

"நான் ஒடிக்கவே இல்ல. நீங்கதான் மார்க்கெட் ரோட்டுலேர்ந்து நிக்காம உள்ள வந்தீங்க."

"முதல்ல லைசென்ஸ் இருக்காம்மா?"

டிராபிக் போலீஸ்காரர் நோட்டோடு வந்து சேர்ந்தார். இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"முன் சீட்டுல இருந்தது நீங்கதானே? என்ன பார்த்தீங்க?"

மாப்பிள்ளைக்குப் பொய் வராது.

"கண்ண மூடிக்கிட்டிருந்தேன் சார்."

"தூக்கமா?"

"இல்ல சார். பயம்."

போலீஸ்காரர் சிரிப்பை மறைக்க மீசையைத் தடவினார். காலர்காரர் மறைக்கவில்லை. அவளுக்கு முகம் எரிந்தது.

"அத்தை, ஒத்துக்கிட்டுப் போயிடலாமே. எதுக்கு வம்பு?" என்று மாப்பிள்ளை காதோரம் முணுமுணுத்தார்.

"செய்யாத தப்பை எதுக்கு மாப்பிள்ளை நான் தலையில கட்டிக்கணும்?"

அவள் இரண்டு கார்களையும் சுற்றி வந்தாள். இடித்த காரின் முன்டயர் அருகே வந்ததும் நின்றாள். டயரின் பள்ளங்களில் ஏதோ வெள்ளையாக இருந்தது. முட்டி வலிக்கக் குனிந்து பார்த்தாள். டயருக்குப் பின்னால் தாரின்மேல் அதே வெள்ளையில் தடம் ஓடியது. துணிமேல் சாக்கட்டிக் கோட்டைத் தேடியே பழகிய கண்ணுக்கு அது தப்பவில்லை. தடத்தோடு நடந்தாள். எட்டே எட்டு அடி வைத்ததும் மார்க்கெட் ரோட்டு முனை. அங்கே வண்டிகள் நிற்கவேண்டிய வெள்ளைக் கோடு புதுசாக மின்னியது, நடுவில் மட்டும் இழுபட்டுக் கிடந்தது. பெயிண்டர் ஒருவர் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப போட்டீங்க இதை?"

"கால் மணி நேரம்கூட ஆகலம்மா. அந்தப் பக்கம் பெயிண்ட் கலக்கப் போனேன், அதுக்குள்ள எவனோ தடுப்பை இடிச்சுத் தள்ளிட்டு மேல ஏத்திட்டுப் போயிருக்கான்."

"பாலம் ரோட்டுக் கோடு?"

"அது நாளைக்குத்தான்."

அவள் அவசரமே இல்லாமல் திரும்பி வந்தாள்.

"சார், இவர் எந்த ரோட்டுலேர்ந்து வந்ததா எழுதியிருக்கீங்க?"

காலர்காரர் முந்திக்கொண்டார். "எத்தனை தடவ கேட்டாலும் பாலம் ரோடுதான்."

"நல்லா பெரிசா எழுதிக்குங்க சார். எழுதிட்டு, இவர் டயரைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

போலீஸ்காரர் குனிந்தார். தடத்தோடு கோடு வரை போனார், பெயிண்டரிடம் இரண்டு வார்த்தை பேசினார், திரும்பி வந்து டயரில் விரலை வைத்தார். வெள்ளை ஒட்டிய அந்த விரலைக் காலர்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாலம் ரோட்டுல இன்னும் பெயிண்டே அடிக்கல. இது வானத்துலேர்ந்து சொட்டிச்சா?"

காலர்காரர் வாட்சைப் பார்த்தார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று ஏதோ ஆரம்பித்தார்.

"உள்ள சுத்துற வண்டிக்குத்தான் வழி விடணும். முப்பது வருஷத்துல இதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்றபடி போலீஸ்காரர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். தவறு யாருடையது என்ற இடத்தில் பேனாவை அழுத்தி எழுதினார். அவள் அதை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மாப்பிள்ளை போனில் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். "உங்கம்மா மேல ஒரு துளி தப்பு இல்ல. போலீஸே எழுதிக் கொடுத்துட்டாங்க. நீ நேர்ல பார்த்திருக்கணும்."

நசுங்கிய கதவோடு கார் கிளம்பியது. அவர்கள் திரும்ப வேண்டிய ரோடு வந்தது. அவள் திரும்பவில்லை.

"அத்தை, நம்ம ரோடு போயிடுச்சே."

"தெரியும் மாப்பிள்ளை," என்றாள். மொத்த ரவுண்டானாவும் அவளுக்கு வழி விட்டு நிற்க, நிதானமாக இன்னொரு முழுச் சுற்று சுற்றினாள்.