ரெண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று பாக்கியிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: மெயின் சுவிட்சை மேலே தள்ள வேண்டும். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றியாகிவிட்டது, எண்ணெய் விட்டாகிவிட்டது, கையைக்கூடத் துடைத்தாகிவிட்டது. பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நின்று சுவிட்சில் கையை வைத்தவன், காற்றுக்காக விட்டிருந்த சின்ன ஜன்னல் வழியே சும்மா ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான், வைத்த கை வைத்தபடி நின்றுவிட்டது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், பதினைந்தடி தூரத்தில், ஒரு பறவை உட்கார்ந்து புறாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. முதுகு சிலேட்டு நிறம், வயிற்றில் குறுக்குக் கோடுகள், மஞ்சள் கால், கண்ணுக்குக் கீழே மை வைத்து இழுத்தது போல மீசை. பொரி வல்லூறு! புத்தகத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறான். உயிரோடு, அதுவும் இவ்வளவு கிட்டத்தில், இதுதான் முதல் தடவை. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தத்திலேயே அது பறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மனைவிக்கு போன் போட்டு, கிசுகிசுவென்று சொன்னான்.

"உடனே கிளம்பி வா. இருநூறு கிடைச்சிடுச்சு. லிஃப்ட் ஓடாது, படியேறி வா."

என்ன பறவை என்று கேட்கக்கூட அவள் நிற்கவில்லை. போன் கட்டாகிவிட்டது.

அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். இருவருக்கும் பறவைப் பைத்தியம். ஜனவரி முதல் தேதி தொடங்கி டிசம்பர் முப்பத்தொன்று சூரியன் மறையும்வரை பார்த்த பறவையினங்களை ஒரு நோட்டில் எழுதுவார்கள். முதல் வருடம் ஆளுக்கொரு நோட்டாகத்தான் இருந்தது. இவனோ மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன். தினமும் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து பெருமையடிப்பான். நாள் முழுக்கக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் பெரிய சண்டை வந்தது. அன்றே அவள் சட்டம் போட்டாள்: இனி ஒரே நோட்டு, இரண்டு பேரும் பார்த்தால்தான் கணக்கு. நோட்டு அவளுடைய கைப்பையை விட்டு வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மொத்தத்தை மட்டும் வாசிப்பாள்.

போன வருடம் நூற்றுத்தொண்ணூற்றேழில் முடிந்தது. இந்த வருடம் மூன்று வாரமாக நூற்றுத்தொண்ணூற்றொன்பதிலேயே நின்று உயிரை வாங்கியது. அந்த ஒன்றுக்காக ஏரிக்குப் போனார்கள், குப்பைமேட்டுக்குப் போனார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் சுத்தம் செய்யும் இடத்துக்கும் போனார்கள். ஒன்றும் பெயரவில்லை. இன்று டிசம்பர் முப்பத்தொன்று. மணி நாலு. இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் நோட்டை மூடிவிட வேண்டும்.

சுவிட்சைத் தள்ளினால் மோட்டார் போடும் கூச்சலில் பக்கத்துத் தெருப் பறவைகூடப் பறந்துவிடும். அதனால் மெக்கானிக் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடனே குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமிருந்து போன் வந்தது. கீழே காய்கறிப் பையோடு பன்னிரண்டு பேர் நிற்கிறார்களாம், இன்னும் எவ்வளவு நேரமாம்.

"சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு சார். பத்தே நிமிஷம்," என்றான் மெக்கானிக்.

கூசாமல் சொன்ன பொய். அது வாயை விட்டு வந்த அதே நொடியில் இன்னொரு பொய் அவன் நினைவுக்கு வந்தது.

மார்ச் மாதம். கொட்டுகிற மழையில், டிவி கோபுரத்துக்குக் கீழே ஒரே குடையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட பறவை, இதே பொரி வல்லூறுதான். "அதோ, மேலேருந்து மூணாவது கம்பி," என்று அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் பைனாகுலரை அப்படி வைத்தான், இப்படி வைத்தான். இரும்பும் மழையும்தான் தெரிந்தது. 'தெரியவில்லை' என்று அவன் சொன்னால் சட்டப்படி அவளுடைய பறவையும் போய்விடும். முகமெல்லாம் பல்லாக நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

"ஆமா, பார்த்துட்டேன். என்ன அழகா உட்கார்ந்திருக்கு," என்று சொல்லிவிட்டான்.

அவள் ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு பைக்குள் எதையோ துழாவி எடுத்து எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒன்பது மாதமாக, ஞாயிற்றுக்கிழமை அவள் மொத்தத்தை வாசிக்கும்போதெல்லாம் அவனுக்கு எங்கோ சுருக்கென்று தைக்கும்.

இப்போது என்ன செய்வது? மார்ச்சிலேயே எழுதியாகிவிட்ட பறவைக்காக அவளை வேலையிலிருந்து இழுத்து, முட்டிவலியோடு பதினோரு மாடி ஏறச் சொல்லியிருக்கிறான். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டான், மடையன்! அவள் வந்ததும் முதல் கேள்வி, இதிலே புதுசு என்ன என்பதாகத்தான் இருக்கும். திருட்டு முழி முழிப்பதைத் தவிர அவனால் வேறென்ன செய்ய முடியும்?

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. சுவிட்சைத் தள்ளினால் போதும். பறவை பறந்துவிடும், வேறு ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடலாம், கீழே நிற்கும் பன்னிரண்டு பேரும் வாழ்த்துவார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டாவது மாடி இருக்கும். அவன் கை சுவிட்சுக்குப் போயேவிட்டது.

வல்லூறு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. அலகில் ஒரு புறா இறகு ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. என்ன கண் அது! இதை விரட்டுவதா? மழையில் அவள் ஏன் அப்படித் துள்ளினாள் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. அவளும் ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கட்டும், பிறகு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கையை இறக்கினான்.

கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கடைசி மாடிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அவள் வந்து சேர்ந்தாள். அவன் ஜன்னலைக் காட்டி ஒதுங்கினான். அவள் குனிந்து பார்த்தாள். அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

"மார்ச்ல நான் இதைப் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னது பொய்," என்றான். "மன்னிச்சிடு."

அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். நீங்க அழகா உட்கார்ந்திருக்குன்னு சொன்னப்போ, அது பறந்து போய் அரை நிமிஷம் ஆயிருந்துச்சு."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு ஏன் எழுதினாய் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டான். அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, மார்ச் மாதப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். பக்கம் முழுக்க நீல மையில் வரிசை எண்ணோடு பறவைகள். நடுவில் ஒரே ஒரு வரி பென்சிலில் இருந்தது: பொரி வல்லூறு. முன்னால் எண் இல்லை.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு விட்டு வச்சிருந்தேன். ஒன்பது மாசமாச்சு உங்களுக்கு."

"அப்போ அந்த நூத்தித்தொண்ணூத்தொன்பது?"

"இது இல்லாமதான்."

மெக்கானிக் கருவிப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். அப்படியானால் போனில் உளறியது உளறலே இல்லை! இதுதான் இருநூறு! கத்த வேண்டும்போல் வந்ததை வாயைப் பொத்தி அடக்கினான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. அவளோ பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, எழுதாமல் நின்றாள்.

"இப்பவாவது பார்த்தீங்களா, இல்ல எனக்காகச் சொல்றீங்களா? புறாவை எந்தக் கால்ல பிடிச்சிருக்கு?"

"இடது கால். நடுவிரல் நகம் பாதி உடைஞ்சிருக்கு."

அவள் மறுபடி குனிந்து சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சுவரில் நோட்டை வைத்து அழுத்தி எழுதினாள்: இருநூறு. அடுத்த வரிவரை எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. செயலாளர் மூன்றாவது தடவையாக போன் செய்தார், ஒருவரும் எடுக்கவில்லை.

வல்லூறு தின்று முடித்து, அலகைச் சுவரில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. பிறகு இறக்கையை விரித்து விளிம்பிலிருந்து சாய்ந்தது. கன்னத்தோடு கன்னம் ஒட்ட ஒரே ஜன்னலில் நின்று, இந்தத் தடவை அது பறந்து போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.