அறைக்குள் இரண்டாம் நபர்

1

அன்று காலை பதினொன்றரைக்கு அங்கே இருந்தவர்கள்: அறைக்குள் மருமகள். கூடத்தில் மாமனாரும் மாமியாரும். எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரர். மடிக்கணினித் திரையில், முகம் காட்டாமல் குரல் மட்டுமாக, கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு மேற்பார்வையாளர். மகன் வேலைக்குப் போயிருந்தான். அவனை இதில் இழுக்க வேண்டாம்.

இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகத்தான் பிறந்தது. கடிதத்துக்குள் அடங்காதது இங்கே வந்து சேர்ந்தது. மாமனார் என்று வரும் இடங்களில் என்னைப் பொருத்திக்கொள்ளுங்கள். தன் அசட்டுத்தனத்தை ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

2

முதல் தொடக்கம்: “பலத்த காற்றில் கதவு தானே திறந்துகொள்ள—”

(விட்டுவிட்டேன். அன்று இலை அசையவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: “மூன்று தலைமுறையாக நாணயத்துக்குப் பெயர்பெற்ற எங்கள் குடும்பம்—”

(இது ஒரு பக்கம் ஓடியது. மாமியார் படித்துப் பார்த்து, “என்னங்க இது, பொண்ணு கேட்டு எழுதின மாதிரி இருக்கு,” என்றாள்.)

ஆகவே நடந்ததையே எழுத வேண்டியதாயிற்று.

3

மருமகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதிப்பவள். இரண்டு வருடமாக உலக சுகாதாரம் என்ற முதுகலைப் படிப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கிறாள். துணி இஸ்திரி போடும் மேஜைதான் வகுப்பறை.

“உலகத்துக்கே வைத்தியம் பாக்கப் போறியாம்மா? முதல்ல உன் இருமலப் பாரு,” என்பார் மாமனார்.

“என் இருமலும் உலகத்துலதானே மாமா இருக்கு,” என்பாள் அவள்.

கதவு இடுக்கு வழியாக அவர் பார்த்தது உண்டு. (ஒட்டுக்கேட்கவில்லை. கண்ணாடி தேடினார்.) திரை நிறையச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒரு சதுரத்தில் விடிந்துகொண்டிருக்கும், பக்கத்துச் சதுரத்தில் விளக்கு வைத்திருப்பார்கள். ஒரு மருத்துவர் பனியில் கையுறையோடு உட்கார்ந்திருப்பார். ஒரு மருத்துவச்சி படகில் போய்க்கொண்டே பேசுவாள். பின்னால் கரை நகரும். எல்லோரும் ஒரே கேள்வியைப் பற்றித்தான் பேசுவார்கள்: யார், எங்கே, எதனால் சாகிறார்கள், சாகாமல் இருக்க என்ன வழி?

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். “உள்ள வாங்க மாமா, ஒண்ணு காட்டுறேன்.”

உலக வரைபடம். ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள் அதிகமுள்ள இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. கீழே ஒரு கோடு; அதில் வருடங்கள். அவள் விரலால் வருடத்தை நகர்த்தினாள். சிவப்பு வெளிற ஆரம்பித்தது. ஒவ்வொரு நாடாக, விளக்கை ஒருவர் தணிப்பதுபோல.

“இந்தச் செவப்பெல்லாம் எங்கம்மா போச்சு?”

“அவங்க பொழைச்சுட்டாங்க மாமா.”

“யாரு எண்ணிச் சொன்னா?”

“நேர்ல போய்க் கேட்டவங்க கொஞ்சம். மீதி, உங்கள மாதிரி ஆளுங்க எழுதின ரிஜிஸ்டர்.”

மாமனார் முப்பத்தொரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். தான் எழுதியதெல்லாம் கறையானுக்குத்தான் போனது என்று ஓய்வுபெற்றவர். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தரம் நகத்து,” என்றார். அவள் நகர்த்தினாள். இன்னொரு தரம். சாப்பாடு ஆறிப்போகும்வரை.

4

தேர்வன்று அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. மேற்பார்வையாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மேஜைக்குக் கீழே. கதவுக்குப் பின்னால். கட்டிலுக்கு அடியில். அவருடைய ஆங்கிலம் மாமனாருக்குப் புரியுமளவு நிதானமாக இருந்தது.

“எவன் அவன், நம்ம வீட்டுக் கட்டிலுக்கு அடியில பாக்கணும்ங்கிறான்?”

“பரீட்சையே அப்படித்தானாம். சும்மா உக்காருங்க,” என்றாள் மாமியார்.

பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார்.

“வீட்டுக்குள்ளயே வந்துட்டாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்ல பெரியவங்க இல்லையா?”

இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டார். (யார் குடிக்க என்று கேட்காதீர்கள். இதுவரை பதில் கிடைக்கவில்லை.) கதவைத் திறந்து, திரைக்கு முன் குனிந்து, “வாங்க சார்,” என்றார்.

திரை நின்றது. அறைக்குள் இரண்டாம் நபர் என்று ஒரு வரி வந்தது. மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். முறைகேடு என்று முடிவானால் இந்தத் தேர்வு மட்டுமல்ல, பட்டமே போகும். இருவரும் ஐந்து நாளுக்குள் தனித்தனியே விளக்கம் எழுத வேண்டும்.

5

“காத்துன்னே எழுதிடுறேம்மா. வயசானவன், கதவ மூட வந்தேன்னு.”

“வேணாம் மாமா.”

“நம்ம வீட்டு மானம்மா இது.”

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “ஒரு ஊர்ல காலரா வந்துச்சு மாமா. ஊர் பேரு கெட்டுடும்னு வயித்துப்போக்குன்னு எழுதிட்டாங்க. அடுத்த ஊருக்குத் தெரியாது. தண்ணிய அப்படியே குடிச்சாங்க. நாங்க ஒரு பருவம் முழுக்கப் படிச்சது இதான். இதப் படிச்சுட்டு நான் காத்துன்னு எழுத விடலாமா?”



(இதற்குப் பதில் சொல்ல மாமனாரால் முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலேயே ஒரு சாவு. என் தங்கை. காரணம் கேட்டு எழுத வேண்டியவனும் நான். சொல்ல வேண்டியவனும் நான். மற்ற தங்கைகளுக்கு வரன் வராதே என்று, ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் வீட்டில் மற்றவர்களைச் சோதிக்க யாரும் வரவில்லை. அடுத்த வருடம் கடைசித் தங்கைக்கும்—

இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.

உலகத்தின் அந்தப் பெரிய வரைபடங்களில் ஏதோ ஒன்றில், கடுகளவு நிறம் என்னால் பொய்.)

6

கடிதம் மூன்றே வரியில் முடிந்தது. வந்தது நான். வரவேற்க வந்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பதிலும் வந்துவிட்டது. மறுதேர்வு கொடுத்தார்கள், அவள் எழுதினாள் என்று முடிக்கலாம். சட்டதிட்டம் சட்டதிட்டம்தான் என்று மறுத்துவிட்டார்கள், அவள் மறுநாள் வழக்கம்போல ரத்தம் சோதிக்கப் போனாள் என்றும் முடிக்கலாம். எது என்று நான் சொல்லப்போவதில்லை. அது அவளுடைய செய்தி. உங்களுக்கு எது நியாயமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆனாலும் பதிவை யார் வேண்டுமானாலும் திருத்தக் கேட்கலாம் என்று விதி உண்டு.

மருமகள் பார்த்து எழுதிப் பிடிபட்டாள் என்று, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த தையல்காரர் தெருவில் சொல்வது தவறு. என் கையில் அவர் பார்த்தது துண்டுச் சீட்டு அல்ல, தண்ணீர் டம்ளர்.

என் தங்கை காய்ச்சலில் போனாள் என்று நாற்பது வருடமாக நாங்கள் சொல்லிவருவதும் தவறு. காசநோய்.