பத்து வரை எண்ணும் குழந்தைகள்

குட்டி டீச்சரின் வகுப்புக் குழந்தைகள் பத்து வரை பிழையில்லாமல் எண்ணுவார்கள். நான்கு வயதுகூட நிரம்பாத வாண்டுகள். பக்கத்து வகுப்பில் மூன்றுக்கு அப்புறம் நேரே ஒன்பதுக்குத் தாவுகிற கூட்டம்தான் இருந்தது. பெற்றோர்கள் வரும்போதெல்லாம் பெரிய டீச்சர், அதாவது அந்தப் பாலர் பள்ளியை நடத்துகிறவர், இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். குட்டி டீச்சரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள். அவளுக்கே தெரியாது.

தெரிந்த நாளில் அவளுக்கு உயிரே போய்விட்டது.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஊதினால் பறந்துவிடுகிற ஒடிசலான உடம்பு. அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குறட்டை வரும் என்றால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? ஆனால் வந்தது. விடுதியில் தங்கிப் படித்தபோது அறைத்தோழிகள் அவளுக்கு 'மாவு மில்' என்று பெயர் வைத்துவிட்டு, ஒவ்வொருத்தியாக வேறு அறைக்கு மாறிப் போனார்கள். வீட்டில் அம்மா ஜன்னலை இறுக்கிச் சாத்துவாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணாயிற்றே, வெளியே தெரிந்தால் எவன் வருவான் என்று அவளுக்குக் கவலை. இத்தனைக்கும் விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் மகளுக்குத் தலை பாறாங்கல்லாய்க் கனக்கும். மத்தியானம் குழந்தைகளை மெத்தையில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுக்கும்போது, அதுகளுக்கு முன்னால் இவள் சாய்ந்துவிடுவாள். ஒரு நிமிடம் கண் அசந்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் வாயாடியின் அம்மா வந்தாள். வாயாடி என்பது அந்த வகுப்பில் ஓயாமல் பேசுகிற பெண்ணுக்கு எல்லோரும் வைத்த பெயர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். வீட்டில் வாயாடி ஒரு விளையாட்டு விளையாடுகிறாளாம். பெயர் 'டீச்சர் தூங்குறாங்க'. படுத்துக்கொண்டு கொர் கொர் என்று குறட்டை விடுவாளாம். திடீரென்று நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வாளாம். பொம்மைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணவேண்டுமாம். அப்புறம் 'ஹக்' என்று ஒரு திணறல், மறுபடியும் கொர் கொர்.

"எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து எண்ணுவாங்களாம். அப்படித்தான் பத்து வரைக்கும் கத்துக்கிட்டாளாம்," என்றாள் நர்ஸ்.

பூமி பிளந்து தன்னை அப்படியே விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது குட்டி டீச்சருக்கு. நாலு நாளாக ஜலதோஷம், மூக்கடைப்பு என்று வாய்க்கு வந்ததை உளறினாள். நர்ஸ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இது ஜலதோஷம் இல்லம்மா. தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குது. டாக்டரைப் பாருங்க. பாக்கலைன்னா நான் பெரிய டீச்சர்கிட்ட சொல்லியாகணும். என் பொண்ணை உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்?"

அந்தக் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது பிடித்திருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். கதவைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை தெருவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். மறுநாளே டாக்டரிடம் போய் நின்றாள்.

டாக்டர் அவள் தொண்டையைப் பார்த்தார். தாடை சின்னதாக இருக்கிறது, தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைக்கிறதோ என்னவோ என்றார். குண்டானவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் இது வரும் என்பதெல்லாம் சும்மா என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்க்கவேண்டுமாம்.

அங்கேதான் நம் டீச்சர் ஒரு காரியம் செய்தாள். அவள் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிவிட்ட ஆள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான் என்று தெரிந்ததும், தொடையைக் கிள்ளிக் கிள்ளி விடியும்வரை விழித்தே கிடந்தாள். குறட்டைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் குறட்டையை ஒளித்துவைத்த புத்திசாலியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அசடு, வடிகட்டின அசடு.

டாக்டர் பதிவைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குறட்டையைக் கேக்கத்தாம்மா இவ்வளவு ஒயரும். அதையே நீங்க மறைச்சா நான் எதுக்கு வைத்தியம் பண்றது?"

அவர் முன்னால் விக்கி விக்கி அழுதாள். இரண்டாம் முறை போய்த் தூங்கினாள். மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றிருந்தது. படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு முகமூடியும், அதன் வழியே காற்றை ஊதித் தொண்டையைத் திறந்துவைக்கிற சின்ன எந்திரமும் கொடுத்தார்கள். வீட்டில் அதைப் பார்த்ததும் அம்மா, பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்னத்தைச் சொல்வது என்று அங்கலாய்த்தாள்.

"மூச்சு விடுற பொண்ணுன்னு சொல்லும்மா," என்றாள் மகள்.

பெரிய டீச்சரிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். எந்திரம் பழகுகிறவரை மத்தியானத்தில் வகுப்பில் இன்னொரு ஆள் இருக்கட்டும், முடியாது என்றால் நின்றுகொள்கிறேன் என்றாள். பெரிய டீச்சர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தன் அறைவரை கேட்டதாம். சின்னப் பெண், கேட்டால் சங்கடப்படுவாளே என்று, அந்த நேரத்துக்கு மின்விசிறியை வேகமாக வைத்துக்கொள்வாராம். தப்பு என்மேலும்தான் என்று முனகிவிட்டு, சமையல்காரம்மாவை மத்தியானம் அந்த வகுப்பில் உட்காரச் சொன்னார்.

முகமூடியோடு மல்லுக்கட்டிச் சில வாரங்கள் போயின. பிறகு ஒருநாள் காலையில் தலை கனக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் கனக்கவில்லை. சமையல்காரம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் குட்டி டீச்சர் சுவரில் சாய்ந்து, குழந்தைகள் தூங்குவதை முதல் தடவையாகப் பார்த்தாள். எல்லாம் தூங்கின, வாயாடியைத் தவிர. அவள் ஓசைப்படாமல் எழுந்து வந்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தூங்குங்க டீச்சர். பத்து வந்தா நான் கன்னத்துல தட்டுறேன்."

குட்டி டீச்சருக்குச் சட்டென்று விளங்கவில்லை. தோண்டித் தோண்டிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. பத்து எண்ணியும் டீச்சர் மூச்சு விடவில்லை என்றால் தட்டவேண்டும். மற்றவர்கள் எண்ணியபடியே தூங்கிப்போய்விடுவார்கள். அப்புறம் யார் தட்டுவது? அதனால் வாயாடி மட்டும் தூங்குவதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகச் செய்தது.

விடுதியில் பட்ட வெட்கம், கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருந்த வெட்கம் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. இவள் பார்த்துக்கொள்ளவேண்டிய குழந்தை இவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"இனிமே டீச்சர் தூங்க மாட்டேன் கண்ணு," என்றாள் தரையைப் பார்த்தபடி. "மூச்சும் நிக்காது. டாக்டர் சரி பண்ணிட்டாரு."

வாயாடி லேசில் நம்புகிற ஆளில்லை. டீச்சரின் மூக்குக்குக் கீழே விரலை நீட்டி, காற்று வருகிறதா என்று கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு கொட்டாவி விட்டாள்.

"அப்ப நானும் தூங்கட்டுமா டீச்சர்?"