ஓடாத குடும்பம்

நூலகத்தின் மேல்மாடியில், பழைய செய்தித்தாள்களைத் திரையில் காட்டும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, "அடப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும். திரையில் எங்கள் சின்னத் தாத்தா இரண்டு கைகளையும் தூக்கியபடி, வெறுங்காலோடு, எல்லைக் கயிற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடுவதில்லை. மழை கொட்டினாலும் நடந்துதான் வருவோம். பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அப்பாவே சொல்லிக்கொடுத்த வயிற்றுவலி. எல்லாம் இந்தச் சின்னத் தாத்தாவால்தான். கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த கொள்ளுத்தாத்தாவின் தம்பி அவர். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். பந்தயத்தில் ஓடி, நெஞ்சு வெடித்து, பத்தொன்பது வயதில் செத்துப்போனாராம். நம் வம்சத்துக்கே நெஞ்சு பலவீனம் என்று சொல்லிச் சொல்லி, மூன்று தலைமுறைக் கால்களைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே வில்லை பொருத்துகிறவள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. என் மகள் வாலு அப்படியில்லை. பள்ளி ஓட்ட அணியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை முதல் பந்தயம். கேட்டதும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"டாக்டர் பாத்துட்டு நல்லாயிருக்கான்னு சொல்லிட்டாருப்பா."

"டாக்டருக்கு என்ன தெரியும்? எங்க தாத்தா கண்ணால பாத்தவரு. அவ ஓடினா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

வாலு புதுக் காலணிகளை எடுத்துப்போய் என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அழாமல் இருந்ததுதான் என்னை நூலகத்துக்குத் துரத்தியது.

தேடத் தேட வெறி பிடித்துக்கொண்டது. பெயர் பொருந்தியது, கிடங்கு பொருந்தியது. முகம் வாலுவின் முகம், அச்சு அசல், அதே திமிர். ஆனால் என்னை "அடப்பாவி" சொல்ல வைத்தது அவர் இல்லை, கயிற்றோரம் நின்ற ஆள். எங்கள் கூடத்தில் படமாக விறைப்பாகத் தொங்கும் அதே கொள்ளுத்தாத்தா. ஓட்டத்தையே எங்களுக்கு ஆகாததாக்கிய மனிதர், துண்டைச் சுழற்றி, வாயைப் பிளந்து, தம்பிக்காகக் குதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த பக்கங்களைத் தள்ளினேன். சின்னத் தாத்தா இன்னொரு பந்தயத்திலும் ஜெயித்திருந்தார். பிறகு மழைக்காலம், தொழிலாளர் கொட்டடியில் விஷக்காய்ச்சல். செத்தவர்களில் அவரும் ஒருவர். கூடவே, வாழ்நாளில் எந்தப் பந்தயத்துக்கும் போகாத பலர்.

கொள்ளுத்தாத்தா மேல் கோபம் வரவில்லை. நம்பிக் கூட்டிவந்த தம்பி அந்த நாற்றக் கொட்டடியில் செத்தான் என்பதைவிட, ஜெயித்துக்கொண்டே செத்தான் என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். பாவம், அவரும் அப்போது சின்னப் பையன்தான்.

படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடக்கத்தான் தொடங்கினேன். தெருமுனை திரும்பியதும் கால்கள் தம்பாட்டுக்கு வேகம் பிடித்தன. கைகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு செருப்பு கழன்றது. மற்றதையும் உதறிக் கையில் எடுத்துக்கொண்டேன். பழக்கடைக்காரர் பதறி எழுந்து, வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டார். நெஞ்சு இடித்தது, நன்றாகவே இடித்தது. அவ்வளவு சந்தோஷம். சிரிப்பு வேறு வந்து மூச்சை அடைத்தது.

வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டார். குழாய் அவர் கையிலிருந்து நழுவியது.

"ஓடாத... நில்லும்மா, ஓடாத."

படத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. என்னை நிறுத்துவதற்காக, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எழுபது வயதில், அப்பா நடுத்தெருவில் என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்.