தனிப் பக்கத்து ஒயின்

மெனுவில் தனிப் பக்கம் கொடுக்கப்படும் ஒயின் விற்காது. ஹோட்டல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

விற்பது முதல் பக்கம்தான். பாட்டிலாக வாங்காமல் கிளாஸ் கணக்கில் கேட்பவர்களுக்கான ஒயின்கள் அங்கே இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு மேல் புரட்டுவதில்லை. வெளியே வெயில் அப்படி. உட்கார்ந்ததும் குளிர்ச்சியாக ஏதாவது கையில் வேண்டும்.

ஸோலேகா என்ற தென்னாப்பிரிக்கப் பெண் செய்த ஒயினைக் கடைசியில், தனிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

நான் துபாயில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு ஒயின் வாங்கும் வேலையில் இருக்கிறேன். மதுரையில் என் வீட்டார் இதை 'பர்ச்சேஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். என்ன பர்ச்சேஸ் என்று கேட்பவர்களுக்கு, ஹோட்டல் சாமான் என்பார்கள். என் மனைவி சீதாலட்சுமி மட்டும் ஒயின் என்றே சொல்வாள். அவள் ஒரு சொட்டு குடித்ததில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் சட்டையை முகர்ந்து, இன்றைக்குச் சிவப்பா வெள்ளையா என்று கண்டுபிடிப்பாள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வாள்.

சீதா போன ரமலானில் இறந்துபோனாள். துபாயின் கராமா பகுதியில் எங்கள் ஃப்ளாட்டின் சமையலறையில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனேன். காரியங்களை முடித்தேன். திரும்பி வந்தேன்.

வந்ததிலிருந்து ஹோட்டலில் என்னை யாரும் திட்டுவதில்லை.

முன்பு ரவிசங்கர் தினமும் திட்டுவார். உணவும் பானமும் அவர் பொறுப்பு. மயிலாப்பூர்க்காரர். பாட்டில் ஒன்று உடைந்தால் லாபி வரை குரல் கேட்கும். இப்போது நான் ஆர்டரைத் தப்பாகப் போட்டாலும், "பரவால்லடா சரவணா, பாத்துக்கலாம்" என்கிறார். மாலை நேர டியூட்டியை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் என்னிடம் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்கிறார்கள். நானும் பழகிவிட்டேன். எதற்கும் பழகிவிடும் ஒரு நிலையில்தான் இருந்தேன்.

அக்டோபரில் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. எல்லா ஹோட்டல்களிலும் ஒரு மாதம் பன்முகத்தன்மை கொண்டாட வேண்டும். கறுப்பினத்தவர் நடத்தும் ஒயின் நிறுவனம் ஒன்றையாவது மெனுவில் சேர்க்க வேண்டும். எங்கள் இறக்குமதியாளர் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸோலேகாவின் ஒயினைக் கொண்டுவந்தார். அவளையும் அழைத்து வந்தார்.

பிற்பகலில் பார் மூடியிருந்த நேரத்தில் ஊழியர்களைக் கூட்டி அவளைப் பேசச் சொன்னார்கள். நாற்பதை நெருங்கும் பெண். தட்டையான செருப்பு. அவளுக்குப் பின்னால் அவளுடைய படமே ஆளுயரத்துக்கு அட்டையில் நின்றது. அவள் பேச ஆரம்பிக்கும் முன் ரவிசங்கர் மேசைகளில் வைக்க அச்சடித்த ஒரு சிறிய அட்டையை எடுத்து ஆங்கிலத்தில் வாசித்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலியில் பாதியை ஒயினாக வாங்கிய தந்தை. இன்று உலகுக்கே ஒயின் தரும் மகள்.

வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில், "எப்படிடா? நானே எழுதினது" என்றார்.

பக்கத்தில் பார்மேன் அம்மையப்பன் நின்றான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். என் காதருகே குனிந்தான். "நல்லாத்தான் சார் எழுதிருக்காரு. ஆனா கஸ்டமரு அழுதுக்கிட்டே எப்பிடி குடிப்பான்?"

எல்லோரும் தலையைச் சாய்த்து ஸோலேகாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சாய்வு தெரியும்.

கென்யாவிலிருந்து வந்த வாஞ்சிரு என்ற பணிப்பெண் மட்டும் கை தூக்கினாள். "இது மீனுக்குப் போகுமா, கோழிக்கா?"

ஸோலேகா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "இரண்டுக்கும். முதலில் குடித்துப் பார்."

கூட்டம் முடிந்ததும் ஒயின் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்னுடையது எந்தப் பக்கத்தில்?"

"கடைசியில். தனிப் பக்கம்."

"படத்தோடா?"

"படத்தோடு."

அவள் ஒரு பாட்டிலை எடுத்து, பார்க்காமலே திரும்ப வைத்தாள். "லண்டனில் ஒரு ஹோட்டலில் தனிப் பக்கம். ஜோகன்னஸ்பர்க்கிலேயே ஒரு ஹோட்டலில் தனிப் பக்கம். மாதம் முடிந்ததும் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் முதல் ஆர்டர் கொடுப்பார்கள். இரண்டாவது ஆர்டர் இதுவரை யாரும் கொடுத்ததில்லை."

அவளுக்குச் சொந்தமாக நிலம் இல்லை. திராட்சையை விலைக்கு வாங்குகிறாள். ஒயின் செய்ய இடம் வாடகைக்கு. இங்கேயிருந்து இரண்டாவது ஆர்டர் போனால்தான் அடுத்த அறுவடைக்குத் திராட்சை சொல்லி வைக்க முடியும். இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு, பழையபடி வேறொருவர் நிறுவனத்தில் வேலைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அட்டையில் இருப்பது பொய்யா?" என்று கேட்டேன்.

"உண்மை. அப்பாவுக்கு அப்படித்தான் கூலி கொடுத்தார்கள். சட்டம் தடுத்த பிறகும் கொடுத்தார்கள். ஆனால் அவர் சர்ச்சில் பாடுவார். கடுமையான கோபக்காரர். கோழி வளர்த்தார். அட்டையில் அந்தக் கூலி மட்டும்தான் இருக்கிறது. பெயரும் ஊரும் போட்டால் போதும். கூலிக் கதையைக் கேட்டதும் தலையைச் சாய்க்கிறார்கள். அப்புறம் ஒயின் அருமை என்கிறார்கள். கிளாஸைப் பார்த்தால் அப்படியே நிறைந்திருக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எப்படி என்பதுபோலப் பார்த்தாள். சீதாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன்.

அவள் தலையைச் சாய்க்கவில்லை. அடுக்கில் ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இந்த அறையில் குளிர் அதிகம். இவ்வளவு தேவையில்லை" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் அதைப் பல வாரங்களாகக் கவனிக்கவில்லை. குளிரூட்டியின் வெப்ப அளவைக் கூட்டி வைத்தேன்.

கிளாஸ் கணக்கில் ஊற்றும் ஒயின்களை எங்கள் ஹோட்டலில் பெயரை மறைத்துத்தான் தேர்ந்தெடுப்போம். பாட்டில்களைச் சமையலறை அலுமினியத் தாளில் கழுத்துவரை சுற்றி, எண் எழுதி மேசையில் வைப்பது என் வேலை. ரவிசங்கர், தலைமைச் சமையல்காரர், ரெஸ்டாரன்ட் மேனேஜர் மூவரும் சுவைத்து மதிப்பெண் போடுவார்கள். அந்த வாரம்தான் புதிய வெள்ளை ஒயின்களுக்கான தேர்வு.

ஸோலேகாவுடையதையும் சேர்க்கலாமா என்று ரவிசங்கரிடம் கேட்டேன்.

"அதுக்குத்தான் தனிப் பக்கமே குடுத்தாச்சேடா. அதைப் போய் எதுக்குப் போட்டில விடற? பாவம், தோத்துப்போனா நல்லாவா இருக்கும்?"

சரி சார் என்றேன்.

மறுநாள் காலை பாட்டில்களைச் சுற்றும்போது அவளுடையதையும் எடுத்துச் சுற்றினேன். பெரிதாக யோசித்துச் செய்யவில்லை. பெரிதாக யோசிக்கும் பழக்கம் போயிருந்தது. ஐந்து என்று எழுதி வரிசையில் வைத்தேன்.

மூவரும் சுவைத்தார்கள். வாயில் ஊற்றிக் கொப்பளித்து வாளியில் துப்பினார்கள். ஐந்தாவது வந்தபோது ரவிசங்கர் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

"இதுல லேசா உப்பு இருக்கு பாரு. கடக்கரைல நின்னு நாக்கை நக்கினா இருக்குமே, அந்த மாதிரி. பிரெஞ்சாத்தான் இருக்கணும்."

மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தோம். நியூசிலாந்து ஒயின் ஒன்று முதலிடம். அதை எல்லோரும் முகர்ந்தபோதே அடையாளம் கண்டிருந்தார்கள். ஐந்து இரண்டாமிடம்.

தாளைப் பிரித்தேன்.

மற்ற இருவரும் ரவிசங்கரைப் பார்த்தார்கள். ரவிசங்கர் பாட்டிலைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் எங்களைத் தனியா விடுங்க" என்று அவர்களை அனுப்பினார். கதவு மூடிய பிறகு ஆரம்பித்தார்.

"என்னடா நெனச்சுண்டிருக்க நீ? வேண்டாம்னு சொன்னேனா இல்லியா? மெனு பிரிண்டுக்குப் போயாச்சு. தலைமை ஆபீஸ்ல அவ படத்தைப் போட்டு மெயில் சுத்தறது. நீ பாட்டுக்கு, யாரையும் கேக்காம, இஷ்டத்துக்கு ஒரு பாட்டிலை உள்ள சொருகுவியா? இது என்ன உங்க வீட்டுக் கல்யாணப் பந்தியா? அறிவு இருக்கா உனக்கு? எட்டு மாசமா..."

நிறுத்திக்கொண்டார். முகம் மாறியது. தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது.

"சாரிடா. நான் ஏதோ..."

"பாதில நிறுத்தாதீங்க சார்" என்றேன்.

"என்னது?"

"திட்டிட்டு இருந்தீங்க. முடிச்சிடுங்க."

என்னையே பார்த்தார். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ரவிசங்கர் உட்கார்ந்தார். ஐந்தாம் எண் கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு, சனியன்" என்றார். "முதல் பக்கத்துல போடு. மூணு மாசம் பாக்கறேன். ஓடலேன்னா அதையும் தூக்கிடுவேன், உன்னையும் தூக்கிடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

"சரி சார். அந்தக் கதை அட்டையை எடுத்துடலாமா? பேரும் ஊரும் போதும்னு அவங்க நினைக்கிறாங்க."

"அட்டை நான் எழுதினதுடா."

"தெரியும் சார்."

"எடுத்துத் தொலை. ஆனா படம் மாசம் முடியறவரை நிக்கும். அதுல நான் கை வைக்க முடியாது."

படம் மாதம் முடியும்வரை நின்றது. எடுத்துக் குப்பையில் போடப் போனபோது வாஞ்சிரு வந்து வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்குக் கொடுங்கள். இந்த ஹோட்டலில் தட்டு இல்லாமல் நிற்கிற கறுப்புப் பெண் இவள் ஒருத்திதான்" என்றாள். ஊழியர் சாப்பாட்டு அறையில் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினாள். படம் வேண்டாம் என்று நினைத்ததில் நான் எதையோ விட்டுவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

மாலை டியூட்டியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். ஒயின் மெதுவாகத்தான் போனது. முதல் வாரங்களில் யாரும் கேட்கவில்லை. வாஞ்சிரு மீன் கேட்கும் மேசைகளுக்கெல்லாம் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். டிசம்பரில் வெளியே மேசை போட்டார்கள். ஆட்கள் வந்தார்கள், முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், விரலை வைத்துக் காட்டினார்கள். சிலர் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் இன்னொன்று கேட்டார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரும் தலையைச் சாய்க்கவில்லை.

புத்தாண்டுக்கு முந்தைய வியாழக்கிழமை, பார் நிறைந்திருந்தபோது, அம்மையப்பன் காலிப் பாட்டிலோடு வந்தான்.

"சார், அந்த உப்பு வெள்ள தீந்து போச்சு. உள்ளயும் இல்ல, பாத்துட்டேன். நாலு டேபிள்ல கேக்காவ. நான் என்னத்தைச் சொல்ல?"

அதற்குள் ரவிசங்கர் கேட்டுவிட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"தீந்து போச்சா? சீசன்ல தீந்து போச்சா? ஸ்டாக்கைப் பாக்கறதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கு? எங்கடா பாத்துண்டிருந்த? வானத்தையா?"

சத்தம் லாபி வரை போயிருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தான்.

"எங்கிட்ட சாரி சொல்லிண்டு நிக்காத. ஆர்டர் போடு. இப்போ போடு."

நான் சாரி சொல்லியிருக்கவில்லை. போனை எடுத்து இறக்குமதியாளருக்கு ஆர்டர் அனுப்பினேன். முதல் முறை வாங்கியதைவிட அதிகமாக. அதன் நகலை ஸோலேகாவுக்கும் அனுப்பினேன். வேறெதுவும் எழுதவில்லை.

சற்று நேரத்தில் பதில் வந்தது. அங்கே அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். திராட்சைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். முகர்ந்து பார்த்தேன். வெள்ளை. துவைக்கப் போட்டேன்.