அப்பாவின் மரண அறிவித்தல்

பரம்பரை தேடிக் கொடுப்பது என் தொழில். கனடாவில், பிக்கரிங்கில், எனக்கு வேலை தந்த கிளடிஸ் வீட்டு மேசையில் இருந்து அவளுடைய மூதாதையைத் தேடிக்கொண்டிருந்தேன். 2009 மே. இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்து ஒரு கிழமையாகவில்லை. காணி விஷயமாக இங்கிருந்து புதுக்குடியிருப்புக்குப் போன அப்பா, பாதை பூட்டியதில் அங்கேயே அகப்பட்டவர். உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒரு நாதியில்லை. நானோ முந்நூறு வருஷத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரனைத் தேடுகிறேன். எனக்கே என்மேல் எரிச்சல்.

அந்த மூதாதை ஏபெல், மசாசூசெட்ஸில் முதன்முதல் குடியேறியவர்களில் ஒருவன். பூர்வகுடிகளோடு நடந்த சண்டை முடிந்தும் வீடு திரும்பவில்லை. ஊர் அவனைச் செத்தவனாக்கியது. பெண்சாதி வேறு கலியாணம் கட்டினாள். அன்று எனக்குக் கிடைத்த கோர்ட் பதிவில், இரண்டு வருஷம் கழித்து ஏபெல் உயிரோடு வந்து நிற்கிறான்.

"பாவம் மனிசன்!" என்று கிளடிஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரை எடுத்தேன். தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. "புதுக்குடியிருப்பைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட தியாகலிங்கம்... அன்னார் மனோரஞ்சிதத்தின் அன்புக் கணவரும், தேனுகாவின் பாசமிகு தந்தையும்..."

தேனுகா என் பெயர். ரேடியோவை நிறுத்தினேன். இது அருள்நாயகம் சித்தப்பாவின் வேலைதான். அப்பாவுக்கு அந்தியேட்டி செய்து காரியத்தை முடிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். உயிரோடு இருக்கிற மனிசனை ஊர் கூடிச் சாகடிப்பதா? எங்கள் மோர்னிங்சைட் தெரு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பொட்டு நெற்றியில் அப்படியே இருந்தது.

"அம்மா, சித்தப்பா செய்த வேலையைக் கேட்டனீங்களே?"

"அவரில்லை. நான்தான் குடுத்தனான்."

"உங்களுக்கென்ன விசரே?"

"நாலு மாசமா விசாரிக்கிறம், ஒருதரும் வாய் திறக்கேல்லை. செத்தவீடெண்டா எங்கடை சனம் உலகம் முழுக்க இருந்து போன் எடுக்கும். அவரை உயிரோடை கண்ட ஒருத்தர் இருந்தாப் போதும் பிள்ளை. 'மனிசன் இருக்கேக்கை ஏன் பொய் சொல்லுறாய்' எண்டு என்னை ஏசட்டும்."

போன் அடித்தது. நோர்வேயிலிருந்து அப்பாவோடு படித்தவர். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஓம்... ஓம் அண்ணை..." என்று வைத்தார். உடனே அடுத்தது அடித்தது.

அந்தக் கிழமை முழுக்கப் போன் ஓயவில்லை. லண்டன், பாரிஸ், கொழும்பு. அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள், அப்பாவின் நல்ல குணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

ஒருவர்கூட அம்மாவை ஏசவில்லை.