ஒரு குப்பி ரப்பர் பால்

"அப்பா, பாட்டு செத்துப் போச்சா?"

அஜிஷா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. மூளைக்காய்ச்சல் வந்து காதைக் கொண்டுபோன மறுவருடம். காது போன பிறகும், வீட்டிலிருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து, இது ஞாயிறு பள்ளிப் பாட்டு, இது கல்யாண வீட்டுப் பாட்டு என்று வூஃபரின் அதிர்வை வைத்தே சொல்லிவிடுவாள். ஒரு நாள் அந்த வூஃபரின் காகிதக் கூம்பு கிழிந்தது. அவள் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அப்படிக் கேட்டாள். அப்பா சத்தியநேசன் கிழிந்த கூம்பை விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. தேவாலயத்து ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளை ஆட்டத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு கேக்காத பிள்ளைய நடுவில நிறுத்தினா மத்த பிள்ளைகளும் அடி தப்பும் சத்தியநேசன்," என்றாள் குளோரி டீச்சர். "ஓரமா ஒரு பூச்செண்டு பிடிச்சு நிக்கட்டும். வேண்டாம்னா சொல்லுதேன்?"

டீச்சர் கெட்டவள் அல்ல. ஆனால் அஜிஷாவுக்கு உதடு பார்த்து வாசிக்கத் தெரியும். 'ஓரமா' என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புது ஃபிராக்கை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். பிறகு சாப்பாட்டுக்குத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் அவளிடம் பேச முடியாதபடி உதடுகளையே பார்க்காமல் இருந்தாள். இருந்த ஒரே வாசலையும் பிள்ளை அடைத்துவிட்டாள்.

சத்தியநேசன் டீச்சரிடம் போய் நின்றான். "கோயில் ஸ்பீக்கரு சுவத்துல உசரத்துல இருக்கு டீச்சர். பேச்சு கேக்கும், மேடை அதிராது. நான் ஒரு வூஃபர் பெட்டி கொண்டு வந்து மேடைப் பலகையில வைக்கேன். அவளுக்கு காலு கேக்கும்."

"சனிக்கிழமை ஒத்திகையில பாப்போம். அன்னைக்கும் தப்பினா என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

சத்தியநேசன் பெயிண்டர். மழை பிடித்ததிலிருந்து வேலையில்லை. மனைவி சுஜி தையல் மெஷினுக்கென்று சேர்த்து வைத்த பணத்தை வாங்கிக்கொண்டு, வடசேரியில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் எடுத்தான். கடைக்காரர் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பாட்டு போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து முன்பக்கத் துணியைக் கழற்றியபோது, வூஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம், சாயாவில் நனைத்த பிஸ்கட்டைப் போல விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. இரண்டு பெட்டியிலும் அப்படித்தான்.

"இதுக்கா எனக்க மெஷின் போச்சு?" என்றாள் சுஜி. சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

குழித்துறையில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் மெக்கானிக் பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். "கூம்பு கொள்ளாம், உள்ள இருக்க கம்பிச்சுருளு காயிலும் கொள்ளாம், கேடு இல்ல. ரிங்குதான் போச்சு. வெளிய இருந்து வரணும் அண்ணே, பத்து நாளாவும். புது வூஃபரே போடுதியளா?" விலையைக் கேட்டதும் சத்தியநேசன் "வாறேன்" என்று படியிறங்கினான்.

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. வளையம் என்ன செய்கிறது? கூம்பைப் பிடித்துக்கொண்டு, அது துள்ளும்போது கூடவே வளைகிறது, அவ்வளவுதான். பழைய வேட்டித் துணியை வளையமாக வெட்டி ஒட்டி, மேலே ரப்பர் பால் பூசினால் வளையாதா? அப்பா பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கும் புரைக் கொட்டகையில் வளர்ந்தவன் அவன்.

ஆனால் பாலுக்கு எங்கே போவது? மழையில் யாரும் பால் எடுக்கப் பட்டை கீறி மரம் வெட்டவில்லை. வியாழக்கிழமை காலை வானம் கொஞ்சம் வெளுத்தது. மேட்டுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்லபாய் மட்டும் வெட்டியிருந்தாள். மரத்துக்கு மழைத்தடுப்பு பிளாஸ்டிக் கட்டக்கூட வழியில்லாதவள். இந்த மாதிரி நாளில் மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் விழும் பால்தான் அவளுக்கு அரிசி. அது தெரிந்தும், கேட்க நாக்கு எழாமல், சத்தியநேசன் நான்கைந்து சிரட்டைகளைக் குப்பியில் கவிழ்த்தான். நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் செல்லபாய் வாளியோடு நின்றாள். அவன் குப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் எதையும் காணாதவள் போல முகத்தைத் திருப்பி அடுத்த வரிசைக்கு நடந்தாள்.

அந்த வெட்கமே அவனை அவசரப்படுத்தியிருக்க வேண்டும். முதல் பெட்டிக்குத் துணி ஒட்டிப் பாலைப் பூசினான். ஈரக் காற்றில் காயவில்லை. கை பழைய பழக்கத்துக்குப் போயிற்று. பால் உறைய என்ன ஊற்றுவார்கள்? அப்பாவின் புரையில் மிச்சமிருந்த ஆசிட்டைக் கலந்து தடவினான். உடனே உறைந்தது. சந்தோஷமாகத்தான் படுத்தான்.

விடிந்து பார்த்தால், உறைந்த பால் சுருங்கித் தோலாய் இறுகி, கூம்பை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருந்தது. பாட்டு போட்டதும் உள்ளே காயில் சுருள் காந்தத்தில் உரசிக் கரகரத்தது. பிய்த்து எடுக்கப் பார்த்தான். கூம்பும் சேர்ந்து கிழிந்து வந்தது.

கிழிந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் முழங்காலில் விழுந்தான். "ஆண்டவரே, பிள்ளைக்க காதையும் எடுத்தீரு, எனக்க கையையும் எடுத்தீரா?" ஒரு பெட்டி மிச்சம். பால் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் ஒத்திகை.

வேலிக்கு அப்பால் யாரோ இருமினார்கள். செல்லபாய்.

"ஏலே சத்தியநேசா, உனக்க வீட்டுல பூனை வளக்கியா?"

"இல்லியே அக்கா."

"நேத்து எனக்க சிரட்டையில ஒரு பூனை வாய் வச்சிருக்கு. ரப்பர் பாலு குடிக்கிற பூனைய இப்பதான் காணுதேன். வயிறு ஒட்டிப் போவாதா அதுக்கு?"

"அக்கா, பிள்ளைக்கு…"

"நான் பூனையக் கேட்டா நீ பிள்ளையச் சொல்லுத." ஒரு குப்பியை வேலிக்கல்லின் மேல் வைத்தாள். "அமோனியா விட்டிருக்கேன், உறையாது. பூனை வந்தா குடு. இனி கேட்டு வாங்கச் சொல்லு, கேட்டியா?"

அவன் தலை நிமிர்வதற்குள் போய்விட்டாள்.

உறையாது என்ற சொல் அவனுக்குள் நின்றது. ஷீட்டுக்குத்தான் பாலை உறையவைக்க வேண்டும். இது தானாகக் காய வேண்டியது. இந்த முறை அஜிஷாவின் காது ஸ்கேன் ஃபிலிமை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, காயிலைச் சுற்றிச் செருகி, கூம்பு நடுவில் நிற்கும்படி செய்தான். துணியின்மேல் ஒரு பூச்சு, அது காய்ந்த பின் இன்னொன்று. அடுப்பங்கரையின் சூட்டில் பெட்டியை வைத்துவிட்டு, சுஜி கேட்காமலே முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் கீற்றுகளை உருவி எடுத்து விரலால் அழுத்தினான். கூம்பு உரசாமல் உள்ளே போய், உரசாமல் திரும்பி வந்தது.

ஒத்திகையில் பெட்டியைப் பலகை மேடையோடு சேர்த்து வைத்தான். வரமாட்டேன் என்றவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அஜிஷா வெறுங்காலோடு மேடையில் நின்றாள். பாட்டு தொடங்கியது. அவள் அசையவில்லை. பிறகு அவளுடைய கால் பெருவிரல் ஒரு தடவை எழுந்து பலகையில் தட்டியது. அப்புறம் பாதம். அப்புறம் கை. கடைசி அடியில் தப்பினாள். காது கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேரும் அங்கேதான் தப்பினார்கள்.

குளோரி டீச்சர் மேடையேறி அவள் முன்னால் குனிந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "நீ நடுவில வா மக்களே."

அஜிஷா இறங்கி ஓடிவந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, பாட்டு சாவல்ல. காலுல இடிக்கு."

ஆண்டுவிழா நல்லபடியாக முடிந்தது.

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. செல்லபாய் விடியற்காலையிலேயே மரம் வெட்டிவிட்டு, பால் சொட்டி முடியும் நேரத்துக்குள் ரேஷன் கடைக்குப் போய் வந்துவிடலாம் என்று போயிருந்தாள். சத்தியநேசன் பெயிண்ட் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மலைப்பக்கம் திடீரென்று கறுத்தது. அவன் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினான்.

அவளுடைய வாளி தோட்டத்துப் புரையில் கவிழ்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மரம் மரமாய்ப் போனான். ஒவ்வொரு சிரட்டையையும் வழித்து ஊற்றினான், மழைத் தண்ணீர் உள்ளே விழாதபடி காலிச் சிரட்டையை மரத்தில் கட்டிய கம்பியில் கவிழ்த்து வைத்தான். கடைசி வரிசையில் பெரிய துளிகள் விழத் தொடங்கின. வாளியை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டு புரைக்கு ஓடினான். அங்கே இருந்த அமோனியாவை விட்டு, பலகையால் மூடி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தான்.

ஒற்றையடிப் பாதையில் யாரும் இல்லை. தோட்டம் முழுக்கக் கவிழ்ந்த சிரட்டைகளின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்லபாய் வரும் பாதை வழியாகப் போகாமல், பின்பக்கச் சரிவில் இறங்கி வீட்டுக்குப் போனான்.